மீண்டும் வாருங்கள்

திருக்காட்டுப்பள்ளி
24-9-2007

தம்பி ரெமிஜியஸுக்கு அக்கா பாத்திமா மேரி எழுதுவது.

போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன், திட்ட வந்தது மறந்துபோகும். அதனால்தான் காகிதம். துபாய் வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். ஆகட்டும், இந்தத் திட்டு ஆறிப்போகாது.

அப்பாவை அடக்கம் செய்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அதற்குள் நீ அப்பா பெயரில் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டிருக்கிறாய் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். பெற்ற மகள் நான், எனக்குக் கடைத்தெருவில் தெரிய வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் திறந்து காட்டினாள்.

போட்டோ நன்றாக இருக்கிறது. மதகுமேல் பச்சைத் துண்டோடு அப்பா சிரிக்கிற படம் உன்னிடம் இருந்தது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து அங்கேயே அழுதேன், அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். கீழே முன்பின் தெரியாத முப்பத்தொரு பேர் அனுதாபம் எழுதியிருந்தார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் கீழே நீ எழுதியிருக்கிறாய் பார், "உங்கள் வருகைக்கு நன்றி. மீண்டும் வாருங்கள்" என்று, அதை நம்பாமல் இரண்டு தடவை படித்தேன்.

துக்க வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? வருகிறவர்களை நாம் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. அவர்களே வருவார்கள், கையைப் பிடிப்பார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போகும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் போவார்கள். அந்த வீட்டுக்கு அந்தக் காரியமாக மறுபடி வர வேண்டி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தால் இதுகூடவா மறந்துபோகும்?

அதிலும் கனடாவிலிருந்து ஒரு பெண், தனக்கும் அப்பா இல்லை என்று மனதை உருக்கி எழுதியிருக்கிறாள். அவளுக்கும் அதே வரி. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறாய். அது மரியாதை இல்லை.

பெயர் எழுதாத ஒருவர், அடக்கத்துக்கு வந்தேன், மழை, பந்தலில் இடமில்லை, வாய்க்கால் ஓரம் நின்றுவிட்டுத் திரும்பினேன் என்று எழுதியிருக்கிறார். வாய்க்கால் ஓரம் யாரும் நின்றதாக எனக்கு நினைவில்லை. அவருக்கும் மீண்டும் வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வரியை எல்லா இடத்திலும் எடுத்துவிடு.

அக்கா
பாத்திமா மேரி


தேரா, துபாய்
5-10-2007

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. திட்டு சூடாகவே வந்து சேர்ந்தது.

எனக்கும் சொல்ல இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது, மேனேஜர் கையெழுத்துப் போட மறுநாள் காலை ஆகிவிட்டது. நான் டிக்கெட் வாங்கிக் கிளம்பியபோது அடக்கம் முடிந்துவிட்டது என்று போன் வந்தது. ஏர்போர்ட் போகும் டாக்சியிலிருந்து இறங்கி அறைக்குத் திரும்பினேன். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இல்லை, மழை விடவில்லை என்று காரணம் சொன்னீர்கள். காரணம் சரிதான். ஆனாலும் நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் கையைப் பிடிக்க ஊரே வந்தது. என் கையைப் பிடிக்க இங்கே அறையில் அஹமது கபீர் ஒருவன்தான். அதிராம்பட்டினத்துப் பையன், நல்லவன், இரண்டு நாள் எனக்காகச் சமைத்தான். மூன்றாம் நாள் அவனுக்கும் டியூட்டி. அதற்குப் பிறகு எனக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தில் எழுதியவர்கள் மட்டுமே. அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹோட்டலில் என் வேலையே அதுதான் அக்கா. தங்கிப் போனவர்கள் எங்கள் இணையப் பக்கத்தில் கருத்து எழுதுவார்கள். திட்டினாலும் புகழ்ந்தாலும் ஒரு நாளுக்குள் பதில் போட வேண்டும். கோபத்துக்குக் கோபம் கூடாது. கடைசியில் மீண்டும் வாருங்கள் என்று முடிக்க வேண்டும். ஆறு வருடமாக எழுதி எழுதி என் கை தானாக எழுதுகிறது. கனடாப் பெண் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, அவருக்கு வேறு பதில் எழுதிவிட்டேன். மற்றதை எடுக்க மாட்டேன். சொன்ன சொல்லை அழிப்பதும் மரியாதை இல்லை.

அந்தப் பெயர் எழுதாதவரைச் சந்தேகப்படாதீர்கள். அப்பாவை எப்படி இறக்கினார்கள் என்று நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவர் எழுதினார். கையில் சுற்றியிருந்த ஜெபமாலை நீல மணி என்றும், கயிறு ஒரு பக்கம் சற்று இறங்கிப் பெட்டி சாய்ந்து பிறகு நேரானது என்றும் எழுதினார். "ஈர மண் மேலே விழும்போது ஓட்டில் மழை பெய்வது போலத்தான் கேட்கும், பயம் ஒன்றும் இல்லை" என்று எழுதினார். படித்துவிட்டு அன்றுதான் முதல் தடவையாக நன்றாக அழுதேன்.

போன வாரம் மறுபடி எழுதியிருந்தார். "வரச் சொன்னீர்கள், வந்தேன். வாசலில் யாரும் இல்லை. கூப்பிடாமல் உள்ளே வருவது முறையில்லை, திரும்பிவிட்டேன்." எனக்குச் சங்கடமாகிவிட்டது. அக்கா வயலுக்குப் போயிருப்பார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் அவசியம் வாருங்கள் என்று எழுதினேன். வந்தால் ஒரு காபி கொடுங்கள் அக்கா.

உங்கள் தம்பி
ரெமிஜியஸ்


திருக்காட்டுப்பள்ளி
16-10-2007

தம்பி,

ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் இப்போது பதில் எழுதவில்லை. வேறு விஷயம் இருக்கிறது.

அவர் வந்தது உண்மை. உன் கடிதம் வருவதற்கு முன்பே எதிர்வீட்டுச் செவ்வந்தி சொன்னாள். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி, நல்ல வெயில், நான் நாற்றங்காலில் இருந்தேன், அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குடையை விரித்தபடி நம் வாசலில் நின்றாராம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாராம். "வீட்ல யாரும் இல்லீங்களே, யாரு நீங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "கூப்பிட்டிருந்தாங்க" என்றாராம். அவ்வளவுதான், தெருக்கோடி வரை நடந்து போனார் என்கிறாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது என்றும் சொல்கிறாள். அவள் எதையும் இரண்டு பங்காகச் சொல்கிறவள் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் சினைப்பசு படுத்தது. காலையில் முட்ட வந்த மாடு. கன்று செத்துப் பிறந்தது, பசுவும் மறுநாள் போய்விட்டது. மாட்டு டாக்டர் ஏதோ பெயர் சொன்னார். நானும் நம்பினேன்.

இந்த மாதம் பத்தாம் தேதி மத்தியானம் அம்மா கதவோரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியிலிருந்து வந்தபோது முறத்தை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா?" என்றேன். "அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க போல. நல்ல மனுசன், நின்னுட்டே இருந்தாரு. நான் வாங்கன்னு சொல்லல, துக்க வீடுல்ல. பாவமா இருந்துச்சு" என்றாள். வாசலில் சாணம் தெளித்த இடத்தில் ஒரு ஆள் நின்ற அளவுக்கு ஈரம் இருந்தது. ஊரில் அன்று மழை இல்லை.

நேற்றுத்தான் உன் கடிதம் வந்து படித்தேன். தம்பி, அந்த ஜெபமாலை நீல மணிதான். அதை நான் பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்புதான் சுற்றினேன், பக்கத்தில் அம்மாவும் மாமாவும் மட்டுமே இருந்தார்கள். வாய்க்கால் ஓரம் நின்றவருக்கு எப்படித் தெரியும்? ஈர மண் விழும்போது ஓட்டில் மழை பெய்வது போலக் கேட்கும் என்கிறாரே, மேலே நின்றவர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், சேற்றில் சேறு விழுகிற சத்தம்தான். எங்கே இருந்தால் அப்படிக் கேட்கும் என்று நீ யோசித்தாயா? அதைப் படித்துவிட்டா நீ ஆறுதல் பட்டாய்?

போன் அம்மா இருக்கும் கூடத்தில், பேசினால் அவள் காதில் விழும், அதனால் இங்கேயே சொல்கிறேன்: அவருக்கு இனி ஒரு எழுத்தும் எழுதாதே. நன்றி கூட வேண்டாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஏதாவது எழுதிவிடாதே என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா


தேரா, துபாய்
27-10-2007

அக்கா,

எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் இருபதாம் தேதியே எழுதிவிட்டேன். "அம்மாவைப் பார்த்தேன். வாசலோடு நின்றேன். உள்ளே வரலாமா?" என்று கேட்டிருந்தார். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் என்ன சொல்வது? நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: "இது என்ன கேள்வி ஐயா, உங்கள் வீடு மாதிரி. உள்ளே வந்து அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அப்பா போனதிலிருந்து அவர்களுக்குப் பேச்சுத் துணை இல்லை."

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமா எடுத்தார். அம்மா தூங்குகிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே என்றார். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது, குரலிலேயே தெரிந்தது. உங்களைக் கூப்பிடச் சொன்னேன். வயலில் இருக்கிறீர்கள் என்றார்.

நேற்று அவரிடம் பெயர் கேட்டு எழுதினேன். எழுதக் கூடாது என்று சொன்னீர்கள், ஆனால் யாரென்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "பெயர் கேட்டுக்கொண்டு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நீங்களும் கேட்காமல்தான் கூப்பிட்டீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது."

அக்கா, நான் தெரியாமல் செய்தேன். என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதுங்கள்.

ரெமிஜியஸ்


திருக்காட்டுப்பள்ளி
6-11-2007

தம்பி,

மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்டோபர் இருபத்தொன்று, ஞாயிறு. நான் பூசைக்குப் போயிருந்தேன். அம்மா முழங்கால் வலி என்று வரவில்லை. திரும்பி வந்தபோது கூடத்தில் அப்பாவின் நாற்காலி அம்மாவின் நாற்காலிக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தது. நடுவில் ஸ்டூல்மேல் இரண்டு டம்ளர் காபி. ஒன்று குடித்தது. இன்னொன்று அப்படியே ஆடை கட்டிப் போயிருந்தது. அப்பா நாற்காலியின் பிரம்பு நனைந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா எதிரே பார்த்துப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். "இப்பதான் எழுந்து போனாரு. உன் தம்பிதான் அனுப்பிவிட்டானாம்" என்றாள்.

அன்று படுத்தவள்தான். கஞ்சி இறங்கவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் எல்லாச் சோதனையும் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்கிறார்கள். கை கால் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருக்கிறது. கேட்டால் வலி இல்லை என்கிறாள். "அடுத்த தடவ வரும்போது கூட வர்றியான்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன்" என்றாள் ஒரு நாள். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். அன்று மாலை சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய் எடுத்து, அம்மாவுக்கு அவஸ்தை பூசினார். இதை எழுதவே கை வரவில்லை.

நானே அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் சொல்லி, "இனி எங்கள் வீட்டுப் பக்கம் வராதே" என்று எழுதச் சொன்னேன். 'வராதீர்கள்' என்று போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வராதே என்றே போடு என்றேன். நாங்கள் எழுந்திருப்பதற்குள் பதில் வந்தது. அவள் வாசித்தாள். "மன்னிக்க வேண்டும் அம்மா. கூப்பிட்ட வீட்டுக்குப் போவதைப் பாதியில் நிறுத்துவது மரியாதையாகாது. கூப்பிட்டவர் வேறு எங்காவது கூப்பிட்டால் ஒழிய நான் வேறு எங்கே போவேன்?" அந்தப் பெண் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். எனக்கும் கொடுத்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும். யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். அம்மா போய்விட்டால் நான் உன்னை மன்னிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. எதையாவது செய். நீ கூப்பிட்டவர், நீதான் அனுப்ப வேண்டும்.

அக்கா


தேரா, துபாய்
16-11-2007

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. டியூட்டிக்குப் போவதற்கு முன் அப்பாவின் பக்கத்தை மொத்தமாக அழித்துவிட்டேன். படம், முப்பத்தொரு பேரின் வார்த்தைகள், என் பதில்கள் எல்லாம் போய்விட்டன. கனடாப் பெண்ணிடம் மட்டும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஹோட்டலில் என் மேசையில் உட்கார்ந்து அன்றைய விருந்தினர் கருத்துகளைத் திறந்தேன். குளிர்சாதனம் சத்தம் போடுகிறது என்று ஒருவர். காலை உணவு நன்றாக இருந்தது என்று ஒருவர். மூன்றாவது தமிழில் இருந்தது. பெயர் இல்லை, அறை எண் இல்லை. "அந்தப் பக்கம் மூடியிருந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன். அம்மா சம்மதித்துவிட்டார்கள். ஞாயிறு காலை அழைத்துப் போக வருகிறேன். தங்களுக்குத் தெரிவிக்காமல் செய்வது முறையல்ல."

பதில் எழுதுவது என் வேலை அக்கா. நேற்றுப் போல ஒரு பதிலை நான் யோசித்து எழுதியதில்லை. திட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். நீங்கள் திட்டி ஒன்றும் நடக்கவில்லை. பேசாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். பேசாமல் இருந்தால் ஞாயிறு வந்துவிடும். அவர் கூப்பிடாத இடத்துக்கு இதுவரை போனதில்லை என்பது ஒன்றுதான் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது. கூப்பிட்டவர் வேறு எங்காவது கூப்பிட்டால் ஒழிய என்று உங்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

அதனால் இப்படி எழுதினேன்: "ஐயா, அம்மாவிடம் போவதற்கு முன்னால் தயவுசெய்து என்னிடம் வாருங்கள். அப்பா அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். அவசரமாக அம்மாவிடம் திரும்ப வேண்டாம்." கீழே என் கட்டிடம், மாடி, அறை எண் எல்லாம் கொடுத்தேன். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

பதில் வந்தது. "மிக்க நன்றி. முதலில் அங்கே வருகிறேன்."

கபீரை ஷார்ஜாவில் அவன் மாமா வீட்டுக்கு இரண்டு நாள் போகச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டான், ஊரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றேன். அறையைப் பெருக்கிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, உங்களிடம் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அப்பாவுக்கு வராதவன் அம்மாவுக்கு இதையாவது செய்தேன் என்று மனம் கொஞ்சம் லேசாகவும் இருக்கிறது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதம் வருவதற்குள் ஞாயிறு முடிந்திருக்கும். அன்று அம்மா எப்படி இருந்தாள் என்று மட்டும் எழுதுங்கள்.

தம்பி
ரெமிஜியஸ்


திருக்காட்டுப்பள்ளி
20-11-2007

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு. நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து "மேரி, பசிக்குதுடி" என்று குரல் கேட்டது. ஓடிவந்து தொட்டுப் பார்க்கிறேன், கை சுடுகிறது, நல்ல சூடு, நம் கை போல. சுடுசோறும் மிளகு ரசமும் கேட்டாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஞாயிறு பூசைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். அவஸ்தை பூசிய சாமியார் பீடத்திலிருந்தே அவளைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் வாசகத்தை நிறுத்திவிட்டார்.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. அப்பாவின் பக்கம் இப்போது இல்லை என்று அந்தக் கம்ப்யூட்டர் பெண் சொன்னாள். நீதான் அழித்திருப்பாய். அதைச் செய்ததும் அந்த ஆள் விட்டுப் போய்விட்டான், பார்த்தாயா? நல்ல காரியம் செய்தாய் தம்பி.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்று நீ எழுதியதற்கு நான் பதிலே போடவில்லை. பொறுத்திருக்கலாம். பக்கத்து ஊரில் ஜெனரேட்டர் கிடைத்திருக்கும், யாரையாவது அனுப்பியிருக்கலாம். மழையைப் பார்த்துப் பயந்து, எப்படியாவது முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டது நான்தான். உனக்கு அப்பா முகத்தைக் காட்டாமல் மண்ணைப் போட்டது நான்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் உன்னை அவ்வளவு திட்டினேன். என்னை மன்னித்துவிடு.

கிறிஸ்மஸுக்கு எப்படியாவது வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குப் போன் செய்கிறேன், மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. டியூட்டி நேரத்தை மாற்றிவிட்டார்களா?

அக்கா
பாத்திமா மேரி

பி.கு. உறையை ஒட்ட எடுத்தபோது, உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை மத்தியானம், நான் கொல்லையில் இருந்தபோது, அவர் வந்தாராம். நிலைப்படியைத் தாண்டவில்லையாம். "உங்க மகன் ரொம்ப மரியாதையா கூப்பிட்டிருக்காரும்மா. தட்ட முடியல. அங்க போய் அவர கூட்டிக்கிட்டு அப்புறமா வரேன். நீங்க சாப்பிடுங்க" என்றாராம்.

நீ என்ன சொன்னாய் அம்மா என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னத்தச் சொல்றது? படுக்கையில கிடந்தேன், எழுந்து நின்னு அனுப்பக்கூட முடியல. நல்லபடியா போயிட்டு வாங்கன்னேன்."

தம்பி, போனை எடு.